நூல்கண்டை ஏன் வாசலுக்குக் கொண்டுபோகிறோம்?

என் சித்திக்குத் தையல்தான் தொழில். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் பின்னறைதான் கடை. பத்துக்குப் பத்து அடி. ஒரு மூலையில் கால் மிஷின் (மோட்டார் பிற்பாடு மாட்டியது), நடுவில் ஆரி ஸ்டாண்டு, சுவரோரம் துணி வெட்டும் மேசை. ஆவணியிலும் தையிலும் அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது.

புடவைக்கு நூல் தேடும்போது சித்தி தவறாமல் ஒன்று செய்வார். நாலைந்து நூல்கண்டுகளைக் கையில் அள்ளி, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடையைக் கடந்து தெருவாசலுக்குப் போவார். ஒவ்வொரு கண்டிலிருந்தும் ஒரு சாண் நூலை இழுத்துப் புடவை மேல் கிடத்திப் பார்ப்பார். ஒன்று தேறும். மற்றவை பெட்டிக்குத் திரும்பும். ஜவுளிக்கடையில் எடுத்த புடவையைக் கடை வாசல் வரை கொண்டுபோய்ப் பார்க்காத பெண்கள் நம் ஊரில் குறைவு. சேல்ஸ்மேன் முகம் சுளிப்பார். ஆனால் அவருக்கும் காரணம் தெரியும்.

ஒரே ஒரு தடவை சித்தி அந்த நடையை மிச்சம் பிடித்தார். மழை இரவு, மறுநாள் காலை முகூர்த்தம், அரக்குப் பட்டு ரவிக்கை. அறையில் புதிதாக மாட்டிய எல்இடி டியூப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே வைத்துப் பார்த்த நூல் துணியோடு கரைந்துபோனது போல ஒட்டியது. கழுத்தோரமும் கையோரமும் எம்மிங் செய்து கொடுத்துவிட்டார். விடிந்ததும் வாசலில் நின்று பிரித்துப் பார்த்தால், அரக்கின் மேல் செங்கல் நிற நூல் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

சாயம் மாறவில்லை. நூலும் அதே நூல்தான். இரவில் ஒன்றாக இருந்த இரண்டும் காலையில் வேறானது எப்படி?

மளிகைக் கடைக்குப் போவோம். இரண்டு பேர் சாமான் வாங்குகிறார்கள். ஒருவர் பையில் துவரம்பருப்பு அதிகம், எண்ணெய் குறைவு. மற்றவர் பையில் எண்ணெய் அதிகம், பருப்பு குறைவு. பில்லின் கூட்டுத்தொகை இருவருக்கும் 340 ரூபாய். பில்லின் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பையும் ஒன்றுதான். மறுநாள் பருப்பு விலை ஏறுகிறது. அதே சாமான், அதே அளவு. ஆனால் தொகை இரண்டாகப் பிரிந்துவிடும்.

துணியின் சாயம்தான் பை. ஊதாவிலிருந்து சிவப்பு வரையுள்ள ஒளியலைகளில் ஒவ்வொன்றையும் எவ்வளவு திருப்பி அனுப்புவது என்பது அதற்குள் இருக்கும் அளவு. விளக்குதான் விலைப்பட்டியல்: எந்த அலை எவ்வளவு கிடைக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. கண் கடைசி வரியை மட்டும் படிக்கும் ஆள். பகலில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் நம் விழித்திரையில் மூன்றே வகை. ஆயிரம் நுணுக்கம் உள்ள அலைக்கோலத்தை மூன்று கூட்டுத்தொகைகளாகச் சுருக்கி மூளைக்கு அனுப்பிவிடுகின்றன. ஆக, அலைக்கோலத்தில் வேறுபட்ட இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே மூன்று தொகைகளைத் தரலாம். விளக்கு மாறினால் குட்டு வெளிப்படும். இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். உவமையாகச் சொல்ல வந்தேன். உண்மையில் கணக்கே இப்படித்தான் போடப்படுகிறது. அளவை விலையால் பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தையல்காரர்களை இந்தச் சங்கடம் மற்றவர்களைவிட அதிகம் படுத்துவதற்கு வேதியியல் காரணம் உண்டு. பட்டில் அமிலச் சாயம் ஏறும். மிஷின் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதற்கு வேறு வகைச் சாயம். லைனிங் துணி பருத்தி, அதற்கு இன்னொன்று. ஒரே அரக்கை மூன்று இழைகளில் கொண்டுவர மூன்று வெவ்வேறு சாயக் கலவைகள் வேண்டும். புடவை, நூல், லைனிங் மூன்றும் எல்லா வெளிச்சத்திலும் பொருந்தினால் அது அபூர்வமான அதிர்ஷ்டம்.

இனி அந்த எல்இடி டியூபைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். வெள்ளை எல்இடிக்குள் பெரும்பாலும் இருப்பது நீல விளக்கு. ஏறக்குறைய 450 நானோமீட்டர் நீலத்தை உமிழும் சில்லு, அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலத்தின் ஒரு பகுதி பூச்சைக் கடந்து நேராக வரும். மீதியைப் பூச்சு மஞ்சளாக்கும். இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. 1990களின் நடுவில் ஜப்பானில் இது சந்தைக்கு வந்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மகத்தான கண்டுபிடிப்பு, மின்கட்டணத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் மலிவான பூச்சில் அடர்சிவப்பு மெலிந்திருக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு பள்ளமும் விழும். சித்தியின் விலைப்பட்டியலில் சிவப்புக்குக் கிட்டத்தட்ட விலையே இல்லை. அரக்குப் பட்டு அள்ளி அனுப்பும் சிவப்பும், செங்கல் நூல் அனுப்பும் குறைந்த சிவப்பும் அங்கே ஒன்றாகிவிட்டன.

விளக்கின் நிற நேர்மைக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. பெட்டியில் சிஆர்ஐ அல்லது ஆர்ஏ என்று போட்டு 100க்கு ஒரு எண் அச்சாகியிருக்கும். சாதாரண எல்இடிக்கு 80. பள்ளிக்கூடக் கணக்கில் 80 நல்ல மார்க். இங்கே அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் வெளிர் சாயல் கொண்ட எட்டு மாதிரி நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு ஒன்பதாவது மாதிரி. சராசரியில் அது சேராது. 80 வாங்கிய விளக்கு அந்த ஒன்பதாவதில் பூஜ்யத்தை ஒட்டி நிற்பது சகஜம். குங்குமம், அரக்கு, மாதுளை, வாடாமல்லி என்று சிவப்பின் சாயல்களிலேயே கல்யாணம் நடத்தும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் “சிஆர்ஐ 90க்கு மேல்” என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் விழித்தால், எரியும் விளக்கின் கீழ் உங்கள் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பைக் காட்டாத விளக்கு கையைச் சவக்களை தட்டச் செய்துவிடும். அதைவிட உறுதியான சோதனை: பகலில் வேறாகத் தெரியும் இரண்டு அரக்கு நூல்களைப் பர்ஸில் போட்டுக்கொண்டு போவது. சித்தி இப்போது அதைத்தான் செய்கிறார்.

வெள்ளை நூலில் இன்னொரு வகை ஏமாற்று இருக்கிறது. பல வெள்ளைத் துணிகளிலும் நூல்களிலும் ஒளிர்வூட்டிகள் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீலமாக உமிழ்ந்து, வெள்ளையைவிட வெள்ளையாகக் காட்டுவது அவற்றின் வேலை. (சொட்டு நீலம் வேறு ஆள், அது மஞ்சளை விழுங்கும் வெறும் சாயம்.) சூரியனில் புறஊதா உண்டு, எல்இடியில் அநேகமாகக் கிடையாது. இரவில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளைகள் பகலில் ஒன்று நீலமாக மின்னவும் மற்றது பழுப்பாக வழியவும் இதுதான் காரணம்.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: 2700, 4000, 6500 கெல்வின். இது விளக்கின் சாயலைச் சொல்கிறது. நேர்மையைப் பற்றி இது வாய் திறக்காது. 6500 என்பது பகல் வானத்தின் வெள்ளை. அந்தச் சாயல் இருப்பதாலேயே ஒரு விளக்கு பகலைப் போல நிறம் காட்டிவிடாது. நம் ஊர்க்காரர்களுக்கு ‘கூல் டேலைட்’ மேல் அப்படி ஒரு மோகம்; நீலம் பாய்ந்த வெள்ளைதான் பிரகாசம் என்று நினைக்கிறோம். என் கருத்தில், நேர்மை 90க்கு மேலிருக்கும் 4000 அல்லது 5000 கெல்வின் விளக்கு நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்ய உகந்தது.

ஆனால் எந்த வெளிச்சம் சரியான வெளிச்சம்? ரவிக்கை வாசலில் உடுத்தப்படுவதில்லை. விடியற்காலை மண்டபத்தின் மஞ்சள் விளக்கிலும், வீடியோக்காரரின் வெள்ளை விளக்கிலும் அது நிற்க வேண்டும். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பெட்டியால் பதில் சொல்கிறார்கள். உள்ளே சாம்பல் வண்ணம் பூசிய கூண்டு. மேலே பல விளக்குகள், ஆளுக்கொரு பொத்தான். ஒன்று டி65 என்ற செயற்கைப் பகல், ஒன்று ஐரோப்பியக் கடைகளில் எரிந்துவந்த டிஎல்84 டியூப், ஒன்று பழைய குண்டுபல்பு, ஒன்று புறஊதா. துணித் துண்டை வைத்துப் பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்ப்பார்கள். சித்தியின் அறையில் அந்தப் பெட்டிக்கு இடமில்லை. ஒரு மஞ்சள் பல்பும் ஒரு வெள்ளை பல்பும் தனித்தனி சுவிட்சில் இருந்தால் பாதிப் பெட்டி வந்துவிட்டது. மீதிப் பாதி வாசல்.

நிறத்தை இத்தோடு விட்டு அளவுக்கு வருவோம். அளவு விஷயத்தில் கண் பெரிய புளுகன். முழுநிலவில் தரையில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ் இருந்தால் பெரிது. உச்சிவெயிலில் 1,00,000 லக்ஸ். இரண்டிலும் கண் சமாளித்துக்கொண்டு நடக்கும். இப்படிச் சமாளிக்கும் கருவியால் அளக்க முடியாது. சித்தியின் அறையில் 20 வாட் எல்இடி டியூப் ‘பளிச்’சென்று இருப்பதாக எல்லோரும் சொன்னதற்கு அதுதான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டியூப் உமிழ்வது ஏறக்குறைய 2000 லூமன். சுவர், கூரை, அலமாரி எல்லாம் விழுங்கியது போகப் பாதி மேசை மட்டத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அறையின் பரப்பு 9.3 சதுர மீட்டர். வகுத்தால் 100 லக்ஸுக்குச் சற்று மேல். ஐரோப்பாவின் பணியிட வெளிச்சத் தரநிலை தையலுக்குக் கேட்பது 750 லக்ஸ். நிறம் பார்த்துத் துணி சோதிக்க 1000. கிழிசலைத் தெரியாமல் இழையோடி அடைக்க 1500. வாசல் நிழலில் சில ஆயிரம் லக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. நூல்கண்டை வாசலுக்குக் கொண்டுபோனதற்கு நிறம் ஒரு பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி.

ஏழு டியூப் மாட்ட வேண்டியதில்லை. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தால் தேயும். கிட்டே கொண்டுவந்தால் அதே வர்க்கத்தால் பெருகும். 450 லூமன் தரும் ஐந்து வாட் மேசைவிளக்கை வேலைக்கு நேர் மேலே 40 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 900 லக்ஸ். 80 சென்டிமீட்டருக்குத் தூக்கினால் 225. கழுத்தை வளைத்துக் கிட்டே இழுக்கக்கூடிய ஒரு விளக்கு, கூரையில் எட்டு டியூபுக்குச் சமம். அதற்காக அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த ஒரு வட்டத்தில் மட்டும் உட்கார வேண்டாம். தலை நிமிரும்போதெல்லாம் கண் இருட்டுக்குப் பழகி, குனியும்போது வெளிச்சத்துக்குப் பழகி, ஒரு மணி நேரத்தில் நெற்றி வலிக்கும்.

வெளிச்சத்தை வேலை மேல் குவிக்கும் வித்தையை முன்பே பிழைப்பாகச் செய்தவர்கள் லேஸ் பின்னிய பெண்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்களில் குளிர்கால இரவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை உயரமான முக்காலியில் ஏற்றி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைப்பார்கள். குடுவை லென்ஸாக நின்று, சுடரின் ஒளியைக் குவித்து, அந்தப் பக்கம் உட்கார்ந்தவளின் பின்னல் தலையணை மேல் ஒரு சின்ன ஒளித்திட்டாக விழுத்தும். குடுவையில்லாமல் ஒரு மெழுகுவர்த்தி ஓரடி தூரத்தில் தருவது பத்துப் பதினோரு லக்ஸ்தான். அந்த ஒளித்திட்டில்தான் அவர்கள் முடியளவு நூலைப் பின்னினார்கள்.

லேஸ்காரிகளில் இளம்பெண்கள் இருந்தார்கள். சித்திக்கு 58 வயது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற இருட்டில் பாவை விரிவது குறையும். விழிலென்ஸ் மஞ்சளித்துத் தடிக்கும். இருபது வயதுக்காரியின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் அறுபதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சேரும். தரநிலை 750 என்றால் சித்திக்கு அதற்கு மேலேயே வேண்டும். மஞ்சளித்த லென்ஸ் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். கருநீல நூலையும் கருப்பு நூலையும் மாற்றிக் கோர்த்துவிட்டுத் திட்டு வாங்கும் பாட்டிமாருக்கு இது நல்ல சாட்சியம். இதில் ஒரு சகாயமும் இருக்கிறது. கூடுதல் வெளிச்சம் பட்டால் பாவை சுருங்கும். சுருங்கிய பாவை ஊசித்துளைக் கேமரா போல, கிட்டேயிருப்பதையும் எட்டேயிருப்பதையும் ஓரளவு ஒருசேரத் தெளிவாக்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடாமல் ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நூல் கோர்ப்பது இதை நம்பித்தான்.

அடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம், என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். கை நிழல் வேலை மேல் விழாது. மிஷினில் ஊசிக்கு அருகிலேயே ஒரு குட்டி விளக்கு போதும். சிக்கல் ஆரி ஸ்டாண்டில் வரும். ஒரு கை துணிக்கு மேலே ஊசியைப் பிடிக்கும். மற்றது அடியில் நூலைப் பிடிக்கும். அடியில் இருக்கும் கைக்கு வெளிச்சம் தேவையே இல்லை, அது தொட்டுத்தான் பார்க்கிறது. மேலே ஜரிகை, சமிக்கி, கண்ணாடிக் கல் எல்லாம் விளக்கைக் கண்ணாடி போலத் திருப்பிக் கண்ணில் அடிக்கும். விளக்கு எதிர்ப்புறமிருந்தால் அந்த மின்னல் நேராக முகத்துக்கு வரும். பக்கவாட்டுக்கு நகர்த்தினால் போய்விடும். விளக்கின் மேல் பால்வெள்ளை மூடி இருந்தால் இன்னும் சாந்தம்.

கருப்பு வெல்வெட்டில் கருப்பு நூல் வேலை வந்தால் இந்தச் சாந்தமே எதிரி. நிறத்தில் வித்தியாசம் இல்லாத இடத்தில் மேடு பள்ளம்தான் வழிகாட்டி. மேடு பள்ளத்தைக் காட்டுவது நிழல். மூடியில்லாத விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, துணியைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி சாய்த்து விடுங்கள். ஒவ்வொரு தையலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அந்தி வெயிலில் கோபுரத்துச் சுதைகள் உயிர் பெறுவதும், உச்சிவேளையில் தட்டையாகிவிடுவதும் இதே விதிப்படிதான்.

நம் வீடுகளில் சகஜமான ஒரு கோளாறு உண்டு. நடுக்கூரையில் மின்விசிறி, அதற்கு மேலே விளக்கு. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் நொடிக்குப் பதினேழு தடவை மேசை மேல் நிழல் வெட்டும். சித்தி பல வருடங்களாக ‘சாயங்காலத் தலைவலி’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. டியூபை விசிறியின் வீச்சுக்கு வெளியே, சுவருக்கு நகர்த்திய பிறகு தைல பாட்டில் அலமாரிக்குள் போய்விட்டது, அவ்வளவு சொல்லலாம்.

விசிறியில்லாமலே வெட்டும் விளக்குகளும் இருக்கின்றன. நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது. மலிவான எல்இடி அதோடு சேர்ந்து 100 தடவை மங்கித் தெளியும். கண் இதைத் துடிப்பாக உணராது. ஆனால் நிமிடத்துக்கு 3000 தையல் ஓடும் பவர் மிஷினில் ஊசி நொடிக்கு 50 தடவை இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் சரியாக இரண்டு துடிப்பு. ஓடும் ஊசி இரண்டு இடங்களில் உறைந்து நிற்பது போலத் தோன்றலாம், விரல் பக்கத்தில் இருக்கும்போது இது விளையாட்டல்ல. கைப்பேசியின் ஸ்லோமோஷனில் விளக்கைப் படமெடுங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் வேறு விளக்கு பாருங்கள்.

அறையின் சுவர் கிளிப்பச்சை. சித்தப்பா ஆசையாக அடித்தது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமெல்லாம் பச்சையைச் சுமந்து வந்து விலைப்பட்டியலைத் திருத்திவிடுகிறது. திருத்தாவிட்டாலும், ஒரு நிறத்தை அதன் பக்கத்து நிறம் இழுக்கும். பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தறிச்சாலையில் 1824இல் சாயப் பிரிவுக்குத் தலைவரான மிஷேல் ஷெவ்ரலிடம் வந்த புகார், கருப்பு நூல் சோகையாக இருக்கிறது என்பது. வேதியியல்காரரான அவர் சாயத்தைச் சோதித்தார், குறையில்லை. அந்தக் கருப்பைச் சோகையாக்கியது பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும். இதை விரித்து 1839இல் அவர் எழுதிய புத்தகம் பிறகு ஓவியர்களின் கைநூலாகிவிட்டது. சித்தி வீட்டில் சித்தப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, மேசைக்கு எதிர்ச்சுவரை மட்டும் வெள்ளையடிக்கச் சம்மதித்தார்.

ஜன்னல் இருந்தால் வடக்கு ஜன்னல் உத்தமம் என்று ஐரோப்பிய ஓவியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் வடக்கே எட்டிப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க நிலையான வான்வெளிச்சம். சென்னை 13 பாகை அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியனே நமக்கு வடபுறம்தான்; காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னலில் சாய்ந்து உள்ளே வரும். ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடோ, மெல்லிய வெள்ளைத் திரையோ இல்லாமல் அந்த அறிவுரையை இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

சித்தி வீட்டு வடக்கு ஜன்னலில் திரை இல்லை. அதன் எதிரேதான் நூல்கண்டு ஸ்டாண்டு, வருடக்கணக்காக. போன மாதம் ஒரு வாடாமல்லிக் கண்டைத் தேடி எடுத்தபோது, ஜன்னலைப் பார்த்த பக்கம் ஒரு நிறம், சுவரைப் பார்த்த பக்கம் இன்னொரு நிறம். எந்த விளக்கின் கீழ் பிடித்தாலும் இரண்டாகவே இருந்தது. சாயத்தின் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் போட்டிருந்தது வெயில். சித்தி அதைத் தூக்கிப் போடவில்லை. மேல்சுற்றுகளை முழம் முழமாக இழுத்து அவிழ்த்துக்கொண்டே வந்தார். நாலைந்து அடுக்கு போனதும், வாங்கிய நாளின் வாடாமல்லி உள்ளே அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.